அசிட் ஊற்றாமல் ஐந்து வருடம் கிடந்த பற்றரியை வேலைக்கு எடுப்பது எப்படி?

காலபோக உழவு தொடங்கும் புரட்டாதி மாதத்தில் வட்டக்கச்சியிலுள்ள பெரியப்பாவின் உழவு இயந்திரத்தின் பற்றரி முழுமையாகக் கைவிட்டது. வேறொன்று வாங்குவதற்குக் கிளிநொச்சிக்குப் புறப்பட்ட என்னை மறித்த பெரியப்பா, நெல் மூட்டை அடுக்கும் அறையின் மூலையிலிருந்து இரண்டு புதிய பற்றரிகளைக் காட்டினார். மலிவாகக் கிடைத்தபோது ஒன்றாக வாங்கி, "எப்பவாவது உதவும்" என்று ஐந்து வருடங்களுக்கு முன் வைத்தவை அவை. அசிட் ஊற்றப்படாதவை, பெட்டிகூடப் பிரிக்கப்படாதவை. அவற்றை விற்ற அண்ணை அன்று சொல்லியிருந்தது பெரியப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது: "அசிட் ஊத்தி அரை மணித்தியாலத்தில பூட்டலாம் ஐயா, சார்ஜ் ஒண்டும் தேவையில்லை."

தொழிற்சாலையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன பற்றரிக்கு அந்தச் சொல் ஏறத்தாழ உண்மை. ஐந்து வருடம் வன்னிக் காற்றில் கிடந்ததற்கு அது பொருந்தாது. ஒரே வயதுடைய அந்த இரண்டு பற்றரிகளும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டன. அதற்கான காரணம் விளங்கிவிட்டால் கீழே வரும் படிகள் யாவும் தாமாகவே விளங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

பெரியப்பா வைத்திருந்தவை உலர்-சார்ஜ் பற்றரிகள். உலர்-சார்ஜ் பற்றரி என்பது தொழிற்சாலையிலேயே ஒரு முறை முழுமையாகச் சார்ஜ் ஏற்றப்பட்டு, பின்னர் தகடுகள் கழுவி உலர்த்தப்பட்டு, அசிட் இல்லாமல் மூடி முத்திரையிடப்பட்ட ஈயப் பற்றரி ஆகும். அதன் நேர்த் தகட்டில் பழுப்பு நிற ஈயவீரொட்சைட்டும், மறைத் தகட்டில் சாம்பல் நிறத்தில் கடற்பஞ்சு போன்ற தூய ஈயமும் இருக்கின்றன. நேர்த் தகடு ஏற்கெனவே ஒட்சைட்டு என்பதால் காற்று அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மறைத் தகட்டின் நிலை வேறு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த அந்த ஈயத்தின் மேற்பரப்பு மிகப் பெரியது. ஈரமும் ஒட்சிசனும் சேர்ந்து தொட்டால் அது மெதுவாக ஈயவொட்சைட்டாக மாறிவிடும். சூடு கூடினால் மாற்றமும் விரைவுபடும்.

அப்படி மாறிய தகட்டின்மேல் அசிட்டை ஊற்றும்போது ஒட்சைட்டும் சல்பூரிக்கமிலமும் ஒன்றோடொன்று தாக்கமுற்று ஈயசல்பேற்றும் தண்ணீரும் உண்டாகின்றன. இது நடுநிலையாக்கம் என்பதால் வெப்பம் வெளியாகிறது. அமிலத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுவதால் எஞ்சிய அசிட் நீர்த்துப்போகிறது. ஆகவே தகடு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை இரண்டு அளவுகள் காட்டிக்கொடுக்கும்: ஊற்றியபின் ஏறும் வெப்பநிலை, இறங்கும் சாரடர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அசிட்டின் அடர்த்தி). பற்றரியின் வயதைவிட அதன் முத்திரை காற்றைத் தடுத்து நின்றதா என்பதே முக்கியமானது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் ஈரமும், பின்னர் மாதக்கணக்கில் கொளுத்தும் வெயிலும் மாறி மாறி வரும் எங்கள் பக்கத்தில் முத்திரையில் சிறு இடைவெளி இருந்தாலே போதும்.

ஊற்றுவதற்கு முன்

அசிட் உள்ளே போன பின் பற்றரியை மீண்டும் உலர்ந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது. அந்தக் கணத்திலிருந்து அது தானாகவே சார்ஜை இழக்கத் தொடங்கும். வெப்பநிலை 10 பாகை கூடினால் இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். எனவே பற்றரி தேவைப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னர் மட்டும் அசிட் ஊற்ற வேண்டும். "சும்மா ஊற்றி வைப்போம்" என்பது நல்ல சரக்கைக் கெடுக்கும் வழி.

முதலில் பற்றரியின் ஆறு கலங்களில் (தனித்தனி அறைகளில்) ஒவ்வொன்றின் மூடியையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் பட்டையையும் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரியப்பாவின் பற்றரிகளில் ஒன்றில் பட்டைகள் அனைத்தும் இறுக்கமாக இருந்தன. மற்றதில் ஓரத்து இரண்டு கலங்களின் பட்டை விளிம்பில் மேலெழுந்து, அடியில் தூசி படிந்திருந்தது. அப்போதே அதில் ஒரு குறியிட்டு வைத்தேன். பிறகு மூடியைத் திறந்து ரோர்ச் லைற்றால் உள்ளே பார்க்கலாம். தகடுகளின் மேல் விளிம்பு மட்டுமே தெரியும் என்றாலும் அதுவே ஓரளவு சொல்லும். மறைத் தகடு உலோகச் சாம்பல் நிறமாக இருப்பது நல்லது. வெள்ளைப் பூச்சோ மஞ்சள் சாயலோ தெரிந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. நெருப்புக் குச்சியையோ லாம்பையோ பற்றரியின் அருகில் கொண்டுபோகும் பழக்கம் எந்த நிலையிலும் வேண்டாம்.

பெட்டியில் வெடிப்பு இருந்தாலோ, முனைகள் அடியோடு ஆடினாலோ, அதற்கு அசிட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். உலர்ந்த நிலையில் மீற்றரை வைத்து வோல்ற்றுப் பார்த்துப் பூச்சியம் காட்டுகிறது என்று கலங்குவோரும் உண்டு. அசிட் இல்லாத பற்றரி எதையும் காட்டத் தேவையில்லை.

காற்றுத் துளைகளை மறைத்திருக்கும் பட்டைகளையும் தக்கைகளையும் முழுவதுமாக அகற்றி எறிந்துவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் பற்றரிகளின் பக்கவாட்டில் வாயு வெளியேறும் குழாயின் வாயில் ஒரு சிறு இறப்பர் மூடியோ, முனை அடைபட்ட குட்டைக் குழாயோ இருக்கும். அதைக் கழற்றாமல் சார்ஜ் போட்டால் உள்ளே வாயு சேர்ந்து பற்றரி வெடிக்கக்கூடும்.

அசிட்டும் தண்ணீரும்

கடையில் "பற்றரித் தண்ணீர்" என்று கேட்டால் ஒருவர் அசிட் தருவார், இன்னொருவர் காய்ச்சி வடித்த நீரைத் தருவார். கலனின் மேலுள்ள எழுத்தை வாசித்து வாங்குவதே பாதுகாப்பு. சரியான சாரடர்த்திக்கு ஏற்கெனவே நீர்த்த பற்றரி அசிட்டையே வாங்குங்கள். செறிந்த அமிலத்தை வீட்டில் நீர்ப்பது தேவையற்ற ஆபத்து. தவிர்க்க முடியாமல் நீர்க்க நேர்ந்தால் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும்.

எந்தச் சாரடர்த்தி என்பதைப் பற்றரியின் மேல் ஒட்டிய தாளே சொல்ல வேண்டும். பொதுவாகக் குளிர் நாடுகளுக்கான வாகனப் பற்றரிக்கு 1.265 அளவிலும், மோட்டார் சைக்கிள் பற்றரிகள் பலவற்றுக்கு 1.280 அளவிலும், வெப்ப நாடுகளுக்கான வாகனப் பற்றரிக்கு 1.225 முதல் 1.240 வரையிலும் குறிப்பிடுவார்கள். வெப்பத்தில் செறிந்த அசிட் தகட்டையும் தகடுகளுக்கிடையே இருக்கும் பிரிப்பானையும் விரைவில் அரிக்கும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். "கொஞ்சம் கடுமையான அசிட் என்றால் பவர் கூட" என்று கராஜ்களில் கேட்கும் பேச்சை நம்ப வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு அது உண்மைபோலத் தோன்றும். பிறகு பற்றரியின் ஆயுளில் அந்தக் கடன் அறவிடப்படும்.

சாரடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரின் அளவை வெப்பநிலைக்கேற்பத் திருத்த வேண்டும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 0.0007 என்பது கணக்கு. தாளிலுள்ள பெறுமானம் 25 பாகைக்கு உரியது, உங்கள் அசிட் 35 பாகையில் 1.233 காட்டுகிறது என்றால், 10 பாகைக்கு 0.007 கூட்டி 1.240 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலை பார்க்கக் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அது 42 பாகையோடு நின்றுவிடும், எங்களுக்கோ 50 வரை தேவை. ஆய்வுகூடத்துக் கண்ணாடி வெப்பமானி ஒன்று போதும்.

தண்ணீர் விடயத்தில் வன்னிக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் எங்கள் கிணற்று நீரிலும், கரையோரக் கிராமங்களின் உவர் நீரிலும் கரைந்துள்ள குளோரைட்டு நேர்த் தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கும். இரும்பு கலந்திருந்தால் பற்றரி சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும். தகரக் கூரையிலிருந்து வடித்த மழை நீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் உலோகமும் தூசியும் கொண்டவை.

ஊற்றுதல்

காற்றோட்டமான நிழலில், மரப் பலகையொன்றின்மேல் பற்றரியை வைத்து, விடியற்காலையில் தொடங்குவது நல்லது. எங்கள் மதிய வெயிலில் அசிட்டே 35 பாகைக்கு மேல் சூடாகியிருக்கும். அதன்மேல் தாக்க வெப்பமும் சேர்ந்தால் ஆபத்தான எல்லையை விரைவில் தொட்டுவிடும். கண்ணாடி, இறப்பர்க் கையுறை, பழைய பருத்தி உடுப்பு ஆகியவற்றுடன், ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு பொட்டலம் அப்பச்சோடாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்பச்சோடா நிலத்திலும் உடுப்பிலும் சிந்திய அசிட்டுக்கு மட்டுமே. கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடக்கூடாது.

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் புனலால் ஒவ்வொரு கலத்திலும் முதலில் பாதியளவு ஊற்றிக்கொண்டு போய், பிறகு திரும்பி வந்து மேல் கோடு வரை நிரப்ப வேண்டும். கோடு இல்லாவிட்டால் தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீற்றர் நிற்க வேண்டும். பெட்டியின் பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினால் தகடுகளுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வரும். எங்களுடைய 70 அம்பியர்-மணித்தியாலப் பற்றரிக்கு ஏறத்தாழ 5 லீற்றர் பிடித்தது.

பிறகு அரை மணித்தியாலம் எதையும் தொடாமல் விட வேண்டும். தகடும் பிரிப்பானும் உறிஞ்சுவதால் மட்டம் இறங்கும். அதை அதே அசிட்டால் நிரப்பலாம். பற்றரியின் வாழ்நாளில் சாதாரணமாக அசிட் சேர்க்கும் கடைசிச் சந்தர்ப்பம் இதுதான். இனி மட்டம் குறையும் ஒவ்வொரு தடவையும் காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

அரை மணித்தியாலத்தின் பின்னர்

மட்டத்தை நிரப்புவதற்கு முன்னரே ஒவ்வொரு கலத்தினதும் வெப்பநிலையையும் சாரடர்த்தியையும் அளந்து, கொப்பியில் ஆறு நிரலாக எழுதிக்கொள்ளுங்கள். ஊற்றிய அசிட்டைவிட 5, 6 பாகைக்கு உட்பட்ட ஏற்றமும், 0.030 க்குக் குறைந்த இறக்கமும் இருந்தால் தகடுகள் நன்றாக உள்ளன. அதற்கு மேற்பட்டால் மறைத் தகடு ஒட்சைட்டாகியிருக்கிறது. நீண்ட, மெதுவான சார்ஜ் கட்டாயம். முழுப் பற்றரியின் வோல்ற்று 12 க்குக் கீழே இருந்தாலும் அப்படியே. 10 க்குக் கீழே நின்றால் ஒரு கலமாவது குறுக்கே இணைந்திருக்கிறது அல்லது முற்றாகச் செத்திருக்கிறது. அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது.

எங்கள் அசிட் 30 பாகையில், திருத்திய சாரடர்த்தி 1.240 உடன் உள்ளே போனது. பட்டை இறுக்கமாக இருந்த பற்றரி 34 பாகையிலும் 1.230 அளவிலும் நின்றது. பட்டை எழும்பியிருந்த பற்றரியின் நான்கு கலங்கள் ஏறத்தாழ அதே அளவுகளைக் காட்ட, ஓரத்து இரண்டு கலங்களும் 44 பாகைக்கு ஏறி 1.190 க்கு இறங்கியிருந்தன. கையை வைத்தாலே அந்தப் பக்கத்துச் சூடு தெரிந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். சாரடர்த்தி இறங்கியதைக் கண்டதும், அசிட் தரமற்றது என்று நினைத்துச் செறிவு கூடிய அசிட்டை ஊற்றுகிறார்கள். காணாமற்போன அமிலம் உண்மையில் எங்கும் போகவில்லை; சல்பேற்றாகத் தகட்டிலேயே அமர்ந்திருக்கிறது. சார்ஜ் ஏறும்போது அது மீண்டும் கரைசலுக்கு வரும். இடையில் நீங்கள் ஊற்றியதும் சேர்ந்துகொண்டால் முடிவில் சாரடர்த்தி 1.300 ஐத் தாண்டி, பற்றரியைத் தானே தின்ன வைக்கும். முதற் சார்ஜ் முழுமையடையும் வரை அசிட் கலனை மூடி வேறிடத்தில் வைத்துவிடுவது நல்லது.

முதற் சார்ஜ்

நல்ல அளவுகள் காட்டிய பற்றரிக்கும் நான் சார்ஜ் போடாமல் விடுவதில்லை. அதற்குக் கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், அதாவது 70 அம்பியர்-மணித்தியாலத்துக்கு 7 அம்பியர், நான்கைந்து மணித்தியாலம் போதுமானதாக இருக்கும். சூடேறிய பற்றரிக்கு இருபதில் ஒரு பங்கு, அதாவது 3.5 அம்பியருக்கு மேல் போகக்கூடாது. 24 முதல் 36 மணித்தியாலம் வரை பிடிக்கலாம். அவசரப்பட்டு 20, 30 அம்பியர் கொடுக்கும் கராஜ் சார்ஜரில் மாட்டுவது தகட்டுப் பசையை உதிர்த்துவிடும்.

வெப்பநிலை 40 பாகைக்கு மேல் இருந்தால் முதலில் ஆற விடுங்கள். மூடிகளை இறுக்காமல் துளைகளின்மேல் சும்மா வைத்தால் வாயு வெளியேறும், தெறிப்பு வராது. சார்ஜரை நிறுத்திய நிலையில் நேர் முனைக்கு நேர், மறை முனைக்கு மறை என்று மாட்டி, அதன் பின்னரே மின்னைப் போட வேண்டும்; கழற்றும்போதும் முதலில் மின்னை நிறுத்த வேண்டும். பற்றரியிலிருந்து வெளிவரும் ஐதரசனும் ஒட்சிசனும் ஒரு சிறு பொறியில் வெடிக்கும் கலவை என்பதால் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் ஆகாது. முனைகள் எவை என்ற ஐயம் இருந்தால், நேர் முனை சற்றுத் தடித்தது என்பது அடையாளம். வழமையான தடித்த வகையில் நேர் 17.5, மறை 15.9 மில்லிமீற்றர், ஜப்பானிய வாகனங்களின் மெல்லிய வகையில் 14.7, 13.0 மில்லிமீற்றர்.

வெகுநாள் கிடந்த பற்றரி சில வேளை தொடக்கத்தில் மின்னோட்டத்தை ஏற்க மறுக்கும். வோல்ற்று உடனே 15, 16 என்று எகிறி நிற்க, அம்பியர் ஊசி அசையாது. இது சல்பேற்றுப் படலத்தின் தடை. அதே மெல்லிய சார்ஜில் சில மணித்தியாலம் விட்டால் வோல்ற்று இறங்கி மின்னோட்டம் ஏறத் தொடங்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் தானியங்கி சார்ஜர்கள் இதைக் கண்டு "பற்றரி பழுது" என்று அணைந்துவிடுவதுண்டு, பல 14.4 வோல்ற்றோடு நின்றும்விடும். முதற் சார்ஜின் இறுதியில் ஒவ்வொரு கலமும் 2.6 வோல்ற்றுக்கு மேல், அதாவது முழுப் பற்றரி 15.6 வோல்ற்றுக்கு மேல் போக வேண்டியிருப்பதால், இந்த வேலைக்குப் பழைய பாணிச் சாதாரண சார்ஜரே சிறந்தது. அது தானாக நிற்காது என்பதால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வாகனத்தில் பூட்டி இயந்திரத்தை ஓடவிட்டால் தானாகச் சார்ஜ் ஏறிவிடும் என்பதும் தவறு. இயந்திரம் ஓடும்போது மின் தரும் ஒல்ரனேற்றர் 14 வோல்ற்றுச் சொச்சத்தில் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் முதற் சார்ஜை முடிக்க இயலாது. மின்வெட்டு இடையில் வந்தால் பயப்படத் தேவையில்லை. மின் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 1990களில் வன்னிக்குள் பற்றரி வருவதே தடைப்பட்டிருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கு மெதுவான சார்ஜின் பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மணித்தியாலத்துக்கு ஒரு முறை வோல்ற்று, சாரடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். 50 பாகையைத் தொட்டால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள். எல்லாக் கலங்களும் நன்றாகக் குமிழியிட்டு, வோல்ற்றும் திருத்திய சாரடர்த்தியும் அடுத்தடுத்த மூன்று மணித்தியால அளவுகளில் ஏறாமல் நின்றால் சார்ஜ் முடிந்தது. அப்போதும் சாரடர்த்தி கூடுதலாக இருந்தால் சிறிது அசிட்டை உறிஞ்சியெடுத்துக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, குமிழியிட்டுக் கலக்கும்வரை மேலும் ஒரு மணித்தியாலம் சார்ஜ் போட வேண்டும்.

சோதனை

ஓரிரவு ஓய்வெடுத்த பின் வோல்ற்றைப் பாருங்கள். ஒரு கலத்தின் வோல்ற்று என்பது ஏறத்தாழ சாரடர்த்தியுடன் 0.84 ஐக் கூட்டிய பெறுமானம். 1.240 அசிட் கொண்ட பற்றரி முழுச் சார்ஜிலும் 2.08 இன் ஆறு மடங்காகிய 12.48 வோல்ற்றையே காட்டும்; 1.280 கொண்டது 12.72 காட்டும். முழுப் பற்றரி என்றால் 12.7 இருக்க வேண்டும் என்று எங்கோ வாசித்துவிட்டு, நல்ல பற்றரியை மீண்டும் மீண்டும் சார்ஜில் போட்டு வதைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கலங்களுக்கிடையே சாரடர்த்தி வேறுபாடு 0.050 ஐ எட்டினால் அந்தப் பற்றரி நிலைக்காது. இறுதிச் சோதனை ஸ்ரார்ட்டர்தான். எரிபொருளை அடைத்து வைத்துப் பத்துப் பதினைந்து செக்கன் இயந்திரத்தைச் சுற்றும்போது முனைகளில் வோல்ற்று 9.6 க்குக் கீழே விழக்கூடாது. சற்றே விழுந்தால், ஹெட் லைற் பல்ப் போன்ற சிறு சுமையால் 10.5 வோல்ற்று வரை இறக்கி மறுபடி முழுமையாக ஏற்றிப் பார்க்கலாம். இரண்டு மூன்று சுற்றில் கொள்ளளவு மீள்வதுண்டு.

பூட்டும்போது நேர் முனையை முதலிலும் மறை முனையைக் கடைசியிலும் மாட்டுங்கள். கழற்றும்போது இதன் தலைகீழ். முனைகளில் வசலீன் பூசலாம். உழவு இயந்திரத்தில் பற்றரியை இறுக்கும் சட்டம் தளர்ந்திருந்தால் வரம்பு ஏறி இறங்கும் அதிர்விலேயே தகட்டுப் பசை உதிரும்.

மிஞ்சிய அசிட்டை வயலிலோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். கலனோடு கடைக்கோ கராஜுக்கோ கொடுத்துவிடலாம். சிந்திய இடத்தில் நுரைப்பது நிற்கும்வரை அப்பச்சோடாவைத் தூவிய பின் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஹைட்ரோமீற்றரையும் புனலையும் கழுவும் நீரில் ஈயம் இருக்கும் என்பதால் அதையும் கிணற்றுக்கு எட்டத்தில் ஊற்ற வேண்டும்.

பெரியப்பாவின் முதல் பற்றரி ஐந்து மணித்தியாலச் சார்ஜுடன் உழவு இயந்திரத்தில் ஏறியது. இரண்டாவதை 3.5 அம்பியரில் முப்பத்தோரு மணித்தியாலம் வைத்திருந்தேன். ஓரத்துக் கலங்கள் 1.215 க்கு மேல் வரவில்லை, மற்றவை 1.240 ஐத் தொட்டன. ஸ்ரார்ட்டருக்கு அதை நம்ப முடியாது என்று சொல்லி, களத்தில் சூடடிக்கும் இரவுகளில் பல்ப் எரிக்கக் கொடுத்தேன். மாசி அறுவடை முடியும்வரை எரிந்தது. அடுத்த சிறுபோகத்தில் ஓரத்துக் கலம் ஒன்று விழுந்தது.